பிஸ்கட் டின்னும் மிஸ் பிம்லாட்டின் முகமும்

மிஸ் அகஸ்டா பிம்லாட் எழுதி, லண்டனில் மூன்று பாகமாக அச்சாகி வந்த நாவலில் பாதி என்னுடையது. பாதி என்றால் பாதி இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஒரே ஒரு சொல் என்னுடையது. ‘நெசவுப் பெண்கள் ரொட்டியைத் துயரத்தோடு உண்டார்கள்’ என்று எழுதிக்கொண்டு வந்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். “மிஸ்ஸம்மா, சாப்பாட்டு மணி அடிச்சு மறுபடி இன்ஜின் ஓடுறதுக்குள்ள துயரப்பட எங்க நேரம்? அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுவோம்” என்றேன். அவர் துயரத்தை அடித்துவிட்டு அவசரம் என்று எழுதிக்கொண்டார். அந்த அவசரம் என்னுடையது.

எங்கள் ஆலை ஊரான கார்டர்ஷாவில் நாவல் எழுதுகிறவர் என்று அவர் ஒருவர்தான். சந்தைத் தெருவில் அவர்களுடைய ஜவுளிக்கடை. அப்பா போனபின் தம்பி செப்டிமஸ் கடையைப் பார்த்துக்கொண்டார். அக்கா மாடியில் உட்கார்ந்து எழுதினார். எழுதுவதோடு நின்றிருந்தால் தம்பிக்குத் தலைவலி இல்லை. நெசவாளிகளுக்காக மனுக்களில் கையெழுத்து வாங்குவார், கூட்டம் போடுவார், ஆலை முதலாளியின் மனைவி கையுறை வாங்க வந்தால் கையுறையை அளந்து கொடுத்துக்கொண்டே ஆலையில் பெண்கள் இருமுவதைப் பற்றிப் பேசுவார். அந்த அம்மாள் அப்புறம் கையுறைக்கு வேறு கடை பார்த்துக்கொண்டாள்.

நீல ரிப்பன் வைத்த தொப்பியும் தடித்த கண்ணாடியுமாக, வாரத்தில் ஒருநாள் நெசவுக்காரி கெசையா நட்டல் வீட்டு அடுப்படிக்கு வந்து உட்காருவார். எதையும் கேட்பார். ஈரத் தலையை எப்படிக் காயவைக்கிறீர்கள், ராத்திரி இருமல் வந்தால் பக்கத்தில் படுத்த பிள்ளை விழித்துக்கொள்கிறதா, எல்லாம் வேண்டும் அவருக்கு. கெசையா கேலி செய்வாள். “போன வாரம் என் இருமல எழுதிக்கிட்டுப் போனீங்களே, பத்திரமா இருக்கா? இன்னிக்கு வேற ஒண்ணு வச்சிருக்கேன், கேக்குறீங்களா?” மிஸ்ஸம்மா சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்கு வருத்தப்படுவார். இரண்டும் அவர் முகத்தில் தெரியும். அவர் முகம் ஜவுளிக்கடைக் கண்ணாடி ஜன்னல் மாதிரி. உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெருவில் போகிறவன் பார்த்துவிடலாம்.

கெசையா விதவை. நாலு தறி ஓட்டினாள். அவள் தறிகளுக்கு அடுத்த தறிகள் என்னுடையவை. பின்னாளில் இரவுப் பள்ளியில் படித்து நான் வாத்தியாரம்மா ஆனது வேறு கதை. அப்போது நானும் நெசவுக்காரிதான்.

எங்கள் தறிக்கூடத்தில் மழை பெய்யும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மட்டமான நூலில் களிமண்ணும் கஞ்சியும் ஏற்றிக் கனமாக்குவார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு நூல் காய்ந்த காற்றில் பொடுக்கென்று அறும். அறாமல் இருக்க, தறிகளுக்கு மேலே குழாய் ஓட்டி நாளெல்லாம் நீராவியை ஊதினார்கள். பாவு சந்தோஷமாக இருந்தது. நாங்கள் நனைந்தோம். ஆணியில் மாட்டிய சால்வையும் நனையும். ஜனவரியில் வேலை விட்டு வெளியே வந்தால் அந்தச் சால்வை தோளிலேயே உறைந்து பலகையாகிவிடும். என் சால்வையைக் கழற்றி வீட்டுச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறேன். இதில் நான் கூட்டிச் சொல்வது கொஞ்சம்தான்.

கெசையா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மளிகைக்கடையில் காலியான பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வாங்கிவந்து, காலையில் சால்வையை மடித்து அதற்குள் வைத்து மூடி, தறியின் காலடியில் தள்ளிவிடுவாள். “கெசையா கேக் கொண்டு வந்திருக்கா, நமக்குக் குடுக்கமாட்டா” என்று சிரித்தோமே தவிர, வேறு யாரும் டின் தேடிப் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், வழக்கம்போல மிஸ்ஸம்மாவின் தொடர்கதை வந்த பத்திரிகையை வாங்கிக்கொண்டு கெசையா வீட்டில் கூடினோம். சத்தமாகப் படிப்பது என் வேலை. கெசையாவின் மகள் டார்கஸ் மேசைக்கு அடியில் பூனையோடு இருந்தாள். கதை எங்கள் கூடத்தைப் பற்றியதுதான், ஆனால் ஊர் பேர் வேறு, ஆள் பேர் வேறு. கதாநாயகிக்குச் செம்பட்டை முடி. “எனக்கு இவ்வளவு முடி இருந்தா நான் ஏன் தறி ஓட்டுறேன்” என்றாள் கெசையா. எல்லாரும் சிரித்தார்கள். நான் மேலே படித்தேன்.

‘அந்த விதவை தன் சால்வையை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மடித்து வைத்து, மூடியை அழுத்தித் தறியின் காலடியில் தள்ளினாள். கூடத்திலேயே அவள் சால்வை ஒன்றுதான் வீடு போகும்போது காய்ந்திருந்தது.’

படிப்பதை நிறுத்திவிட்டேன்.

“மேல படி” என்றாள் கெசையா.

“கெசையாக்கா...”

“படி புள்ள. அந்த டின்ன அப்புறம் என்ன பண்ணினாள்னு தெரிஞ்சுக்கிறேன்.”

எங்கள் மேலாளர் தோர்ப் அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். அவர் மனைவி சாப்பாட்டுக்குப் பின் அவருக்குப் படித்துச் சொல்வாள். எந்த ஆலையைப் பற்றிய கதை என்று அவருக்கு முன்பே சந்தேகம்; இப்போது ஆள் அடையாளமே அச்சில் வந்துவிட்டது. வாய் நீண்டவள் என்று ஒரு ஆலை பெயர் வைத்துவிட்டால், கார்டர்ஷாவில் எந்த ஆலையும் அவளுக்குத் தறி தராது. மேலாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கெசையாவுக்குத் தறி இல்லையென்றால் டார்கஸுக்கு ரொட்டி இல்லை.

சற்று நேரத்தில் மிஸ்ஸம்மாவே வந்துவிட்டார். கையில் இஞ்சி கேக். பாராட்டு கேட்க வந்த முகம். எங்களைப் பார்த்ததும் அந்த முகம் மாறிய மாதிரி இன்னொரு முகம் மாறி நான் பார்த்ததில்லை.

“என்ன ஆச்சு?”

“அந்த டின், மிஸ்ஸம்மா” என்றாள் கெசையா. “கூடத்துல அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

அவர் கேக்கை மேசைமேல் வைத்தார், மேசை விளிம்பு தெரியாமல் வைத்தார், கேக் விழுந்தது, டார்கஸும் பூனையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

“நான் முடியை மாத்தினேனே. ஊரை மாத்தினேனே. அது ரொம்ப... அது ரொம்ப நல்லா இருந்ததால எழுதிட்டேன் கெசையா. இப்பவே தோர்ப்கிட்டப் போறேன். எல்லாம் என் கற்பனைன்னு சொல்லிடறேன்.”

“ஐயோ, வேண்டாம்” என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

“ஏன்?”

“நீங்க வாயால கற்பனைம்பீங்க” என்றாள் கெசையா. “உங்க மூஞ்சி என் வீட்டு விலாசத்தைச் சொல்லிடும். வீட்டுக்குப் போங்க. கதவைச் சாத்திக்குங்க. யாரையும் பார்க்காதீங்க.”

தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு போனார். அவர் போனபின்தான் நாங்கள் ஒரு யோசனை செய்தோம். யோசனை என்னுடையது என்று சொல்லிக்கொள்வேன்; எங்களோடு தறி ஓட்டிய மேரி ஆன் கிளெக் தன்னுடையது என்பாள். ஒருத்தியிடம் டின் இருந்தால்தான் அவள் மாட்டுவாள். எல்லாரிடமும் இருந்தால்?

ஆனால் அன்று கெசையா வீட்டில் இருந்தது நாலைந்து பேர். மீதிப் பேருக்கு எப்படிச் சொல்வது? தெருத்தெருவாகக் கதவு தட்டினால் தோர்ப்பின் காதுக்கு முதலில் போகும். எல்லாரும் ஒன்றாக இருக்கும் இடம் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை, மெதடிஸ்ட் ஆலயம்.

தறிக்கூடத்துச் சத்தத்தில் குரலுக்கு வேலை இல்லை. நாங்கள் பேசுவது உதட்டால். சத்தமே இல்லாமல் வாயைப் பெரிதாகத் திறந்து மூடிப் பேசினால், நாலு வரிசை தள்ளி நிற்கிறவள் படித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் வெளியிலும் விடாது. நடு வீதியில் எதிரெதிர் நடைபாதையில் நின்று மாமியாரைத் திட்டிக்கொள்வோம், மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே. சத்தம் இல்லாவிட்டால் அது ரகசியம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. கேட்கத்தானே காது வேண்டும் என்று நினைப்போம். பார்க்கிற கண்ணை மறந்துவிடுவோம்.

போதகர் நீண்ட ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாத் தலையும் குனிந்தது. நான் மாடி வரிசையில் இந்தப் பக்கம், மேரி ஆன் அந்தப் பக்கம். உதட்டைத் திறந்தேன்: ‘நாளைக்கு டின் கொண்டு வா. பெரிசா. சால்வைய உள்ள வை. கெசையாவுக்காக.’ அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளை. போதகர் ஆப்பிரிக்காவில் உள்ளவர்களுக்காக ஜெபித்து முடிப்பதற்குள் சேதி மாடியைச் சுற்றிக் கீழே இறங்கிவிட்டது. யாரோ ஒருத்தி கீழேயிருந்து, ‘டின் இல்லாட்டி?’ என்று கேட்டாள். ‘ஏதாவது தகரம்’ என்றேன்.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். பாடகர் குழு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதில் கடைசி வரிசையில் எங்கள் தறி மேஸ்திரி ஜேபஸ் கெர்ஷா. அவர் கண் திறந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

தோர்ப் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர், உதட்டுப் பேச்சு அவருக்குச் சுவரைப் பார்க்கிற மாதிரி. கெர்ஷா அப்படி இல்லை. தறிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். எங்களைவிட நன்றாகப் படிப்பார். தறியைப் பழுதுபார்த்து, வேலையை விரட்டி, தாமதமாக வருகிறவள் பெயரை மேலே சொல்லுகிறவர். மேலாளரின் ஆள். நான் பார்ப்பதைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கெசையாவிடம் சொன்னேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எல்லாத்தையும் படிச்சாரா?”

“எவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டு இருந்தார்னு தெரியல.”

“என் பேரைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

கொஞ்ச நேரம் நடந்தோம். “நல்ல காரியம் பண்ணினே” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்று சாப்பிட்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை, மரச்செருப்புச் சத்தத்தோடு எல்லாரும் ஆலை வாசலில் நுழைந்தபோது ஒவ்வொருத்தி கையிலும் தகரம். பிஸ்கட் டின், தேயிலை டின், ரொட்டிப் பெட்டி. மேரி ஆன், பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள் என்று நான் சொல்வது உண்டு. தொட்டி இல்லை, தூபம் மாதிரி வாடை வீசும் பழைய புகையிலை டின். தறியின் காலடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினோம். கெர்ஷா கூடத்தின் கோடியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அப்புறம்தான் ஒன்று கவனித்தோம். நீராவி வரவில்லை. குழாய்கள் சும்மா இருந்தன. வெளியாள் வந்தால்தான் அதை நிறுத்துவார்கள். கெசையா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்: ‘யாரோ வர்றாங்க.’

கதவு திறந்தது. தோர்ப் வந்தார். அவருக்குப் பின்னால், நீல ரிப்பன் தொப்பியோடு, மிஸ் பிம்லாட்.

ஞாயிறு சாயங்காலமே தோர்ப் கடை மாடிக்குப் போய், “எங்க தறிக்கூடத்தை இவ்வளவு அழகா எழுதறீங்களே, ஒருதரம் வந்து நேர்லயே பாருங்க” என்று மரியாதையாக அழைத்தாராம். செப்டிமஸ் கைகூப்பாத குறையாக, “போயிட்டு வா அக்கா, போகலேன்னா தப்பா நினைப்பார்” என்றாராம். போகாவிட்டால் குற்றம் உள்ள மனசு என்று ஆகும், போனால் முகம். தோர்ப்புக்கு அந்த முகம் தெரியும், ஊருக்கே தெரியுமே. நீராவியை நிறுத்திவிட்டு, வரிசை வரிசையாக நடத்திக்கொண்டு போய், எந்தத் தறிக்கு முன்னால் அந்த முகம் மாறுகிறது என்று பார்த்தால் போதும். வேறு விசாரணையே வேண்டாம்.

டின் யோசனை மிஸ்ஸம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

முதல் தறியில் அவர் குனிந்து பார்த்தார். டின். முகம் வெள்ளையாகிவிட்டது. தோர்ப் அந்தத் தறிக்காரியை உற்றுப் பார்த்தார். அடுத்த தறி. டின். மிஸ்ஸம்மாவின் வாய் திறந்தது. தோர்ப் அந்தத் தறிக்காரியையும் பார்த்தார். மூன்றாவது தறியில் மிஸ்ஸம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு டின்னுக்கும் அதே திகில், அப்படியே, குறையாமல். தோர்ப்புக்கு அந்த வரிசையில் இருந்த எல்லாரும் குற்றவாளியாகத் தெரிந்தார்கள். அவர் நெற்றி சுருங்கியது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் டின்னைப் பார்த்து மிஸ்ஸம்மா பதறுவது எல்லாத் தறிக்கும் ஒன்றுதான். கெசையாவைப் பார்த்தால் அப்படி இருக்காது. வாரா வாரம் அவள் அடுப்படியில் உட்கார்ந்தவர். கண்ணீர் விடுவார். கையைப் பிடித்தாலும் பிடிப்பார்.

கெசையாவின் தறிகள் மூன்றாம் வரிசையில். அவர்கள் இரண்டாம் வரிசையை முடித்துத் திரும்பினார்கள்.

அதற்குள் பாவு அறத் தொடங்கியிருந்தது. காய்ந்த காற்று. எங்கும் இழை அறுந்து தறிகள் நின்றன. நாங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தோம். கெசையா என் பக்கம் திரும்பி, ‘நான் கக்கூஸுக்குப் போயிடவா?’ என்றாள். ‘போனா நீதான்னு தெரிஞ்சிடும்’ என்றேன். அவள் தறிக்கு முன்னால் நின்றாள். மிஸ்ஸம்மா என் தறியைத் தாண்டினார். என்னை அடையாளம் தெரிந்து உதடு நடுங்கியது. தோர்ப் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயே போய்விட்டது என்று நினைத்தேன். இன்னும் ஒரே எட்டு. கெசையா.

அப்போது தலைக்கு மேலே குழாய்கள் சீறின.

நீராவி வந்தது. சாதாரணமாக வருகிற மாதிரி இல்லை, இவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக. வெள்ளையாக இறங்கி எங்களை மூடியது. மிஸ்ஸம்மாவின் கண்ணாடி ஒரு கணத்தில் பால் மாதிரி ஆகிவிட்டது. கைகளை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு, கெசையாவின் தறியைத் தாண்டி, கெசையாவையும் தாண்டி, இருமிக்கொண்டே போனார். கெசையா நின்ற இடத்தில் ஒரு கறுப்பு நிழலைத்தான் பார்த்திருப்பார். தொப்பியின் நீல ரிப்பன் சாயம் விட்டு, கன்னத்தில் கோடு கோடாக வழிந்தது. தம்பி கடைச் சரக்கு. கதவுக்கு வெளியே போய் நின்றபோது அந்த முகத்தில் யார் எதைப் படிக்க முடியும்? நீராவியை யார் திறந்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் பயத்தைப் பார்த்துக் கர்த்தரே திறந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

தோர்ப் நனைந்த கோட்டோடு திரும்பி வந்தார். கெர்ஷாவை அழைத்தார். அவர் காதில் தோர்ப் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. கெர்ஷாவின் பதிலை உதட்டில் படித்தோம்.

‘எல்லார்கிட்டயும் இருக்குங்க ஐயா.’

தோர்ப் மறுபடி கத்தினார்.

‘எப்போலேருந்துன்னு தெரியாதுங்க. நான் தறியத்தான் பார்ப்பேன், தரையப் பார்க்க மாட்டேன்.’

இன்னும் ஏதோ கேட்டார் தோர்ப்.

‘யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் பேசிக்கலீங்க. நான் பார்க்கலீங்க.’

தோர்ப் கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஒரு கூடத்தையே வேலையைவிட்டு நிறுத்திவிட்டு யாரை வைத்துத் தறி ஓட்டுவது? போய்விட்டார். கெசையா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை முடிச்சு நழுவியது.

கெர்ஷா ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நாங்கள் பல நாள் பேசினோம். காரணம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதைப் பார்த்தேன் என்று சொன்னால், ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று சொன்னதாகிவிடும். பாடகர் குழுவில் மூத்தவர், அதை எப்படி ஒப்புக்கொள்வார்? வாயை மூடிக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் போல்டன் என்ற ஊரில் இதைவிட நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மிஸ்ஸம்மா அந்த வாரமே கெசையா வீட்டுக்கு வந்து, புத்தகமாக வரும்போது டின்னை எடுத்துவிடுகிறேன் என்று அழுதார். கெசையா, “எடுக்காதீங்க. இப்ப அது எல்லார் டின்னும்தானே” என்றாள். எடுக்கவில்லை. அதன்பிறகு அவர் எதை எழுதினாலும் அச்சுக்கு அனுப்புமுன் கெசையாவின் அடுப்படிக்குக் கொண்டுவந்து முழுவதும் படித்துக் காட்டுவார். நாங்கள் பயந்துகொண்டே கேட்போம். அவர் எங்களைவிடப் பயந்துகொண்டே படிப்பார்.

இதை எழுதி முடித்துவிட்டு, எதிரே தேநீரோடு உட்கார்ந்திருக்கும் டார்கஸ் நட்டலுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசிவரை கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மார்த்தாக்கா, அந்த இடம் வந்தா நீங்க எப்பவும் கர்த்தர் மேல போட்டுடறீங்க. நீராவியத் திறந்தது கெர்ஷா மேஸ்திரி. நீராவிக் குழாய்த் திருகுல அவர் கை இருந்ததை எங்கம்மா பார்த்தாங்க. திறக்கக் கூடாதுன்னு உத்தரவு இருந்தும் ஏன் திறந்தேன்னு தோர்ப் கேட்டதுக்கு, பாவு அறுந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னாராம். அவர் போல்டனுக்கு நல்ல வேலை கிடைச்சுப் போகல. இங்க வேலைய விட்டு நிறுத்திட்டாங்க, அதனால போனார். அங்கயும் யாரும் மேஸ்திரி வேலை குடுக்கல.”